பொருளாதார மந்தநிலைக்குப் பிந்தைய நிதிச்சுருக்கமும் அரசுப் பல்கலைக்கழகத் திட்டமிடலும்: கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

பொருளாதார மந்தநிலை ஒன்று முடிந்த பின்னரும் அரசுப் பல்கலைக்கழகங்களின் நிதி நெருக்கடி முடிவதில்லை. பல நேரங்களில் கடுமையான வெட்டு அதன் பிறகே வந்து சேர்கின்றது. 2007 டிசம்பரில் தொடங்கி 2009 ஜூனில் முடிந்த அமெரிக்க மந்தநிலைக்குப் பின், கலிபோர்னியப் பல்கலைக்கழகம் தன் வரவையும் செலவையும் எவ்வாறு திட்டமிட்டது என்பதை இக்கட்டுரை விளக்குகின்றது. கட்டண உயர்வு, ஊதியமில்லா விடுப்பு, வெளிமாநில மாணவர் சேர்க்கை, ஓய்வூதியச் சீர்திருத்தம், வளாகங்களுக்கிடையேயான நிதிப் பகிர்வு ஆகியவை இங்கு ஆராயப்படுகின்றன. நிலைநிதி கொண்ட தமிழ் இருக்கை ஒன்று இயங்கும் பல்கலைக்கழகம் இது என்பதால் தமிழாய்வாளர்க்கு இதில் நேரடித் தொடர்பும் உண்டு.

திறவுச்சொற்கள்: உயர்கல்வி நிதி, மாநில நல்கை, கல்விக் கட்டணம், நிலைநிதி, ஓய்வூதியம், தமிழ் இருக்கை.

முன்னுரை

1868-இல் நிறுவப்பெற்ற கலிபோர்னியப் பல்கலைக்கழகம் இன்று பத்து வளாகங்களைக் கொண்டது. 1879-ஆம் ஆண்டு மாநில அரசமைப்புச் சட்டத்திலேயே அதற்குத் தன்னாட்சி வழங்கப்பட்டுள்ளது. 1960-இல் கிளார்க் கெர் தலைமையில் உருவான உயர்கல்விப் பெருந்திட்டம், பள்ளி இறுதி முடிக்கும் மாணவருள் முதல் எட்டில் ஒரு பங்கினர்க்கு இப்பல்கலைக்கழகத்தில் இடம் உண்டு என்றும், மாநில மாணவரிடம் பயிற்றுக் கட்டணம் பெறலாகாது என்றும் வகுத்தது. முதல் உறுதிமொழி இன்றளவும் பெயரளவிலேனும் நிற்கின்றது. இரண்டாவது படிப்படியாகக் கரைந்தது. பல ஆண்டுகள் ‘கட்டணம்’ என்னும் பொதுச்சொல்லாலேயே வழங்கி வந்த தொகையை, 2010 நவம்பரில் ஆட்சிக்குழு வெளிப்படையாகவே ‘பயிற்றுக் கட்டணம்’ எனப் பெயர் மாற்றியது. பெயர்மாற்றந்தானே என இதனைக் கடந்துவிட இயலாது. அரை நூற்றாண்டுக் கொள்கை ஒன்று கைவிடப்பட்டதை ஆவணம் ஒப்புக்கொண்ட தருணம் அது.

உயர்கல்வியின் மீதே வெட்டு விழுவது ஏன்?

மாநில வரவுசெலவுத் திட்டத்தில் உயர்கல்வி ஒரு ‘சமன்சக்கரம்’ போல இயங்குகின்றது என்னும் கருத்தை ஹெரால்டு ஹோவி 1999-இல் முன்வைத்தார். வருவாய் பெருகும் காலத்தில் உயர்கல்விக்குப் பிற துறைகளைக் காட்டிலும் மிகுதியாக வழங்கப்படும்; வருவாய் சுருங்கும்போது பிற துறைகளைக் காட்டிலும் மிகுதியாகப் பிடித்தம் செய்யப்படும். சிறைச்சாலைக்கோ மருத்துவ உதவித் திட்டத்திற்கோ வேறு வருவாய் கிடையாது. பல்கலைக்கழகத்திற்கோ மாணவர் கட்டணம் என்னும் மாற்று வழி உண்டு. இவ்வேறுபாடே சக்கரத்தின் அச்சு எனலாம்.

கலிபோர்னியாவில் இவ்வச்சு மேலும் இறுக்கமானது. 1988-இல் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறிய 98-ஆம் முன்மொழிவு, பள்ளிகளுக்கும் சமுதாயக் கல்லூரிகளுக்கும் குறைந்தபட்ச நிதியை உறுதி செய்துள்ளது. மருத்துவ உதவித் திட்டச் செலவைக் குறைத்தால் கூட்டரசு தரும் இணைநிதியும் குறைந்துவிடும். புதிய வரி விதிக்கச் சட்டமன்றத்தில் மூன்றில் இரு பங்கு ஆதரவு வேண்டும். மாநில வருவாயோ உயர்வருவாய்ப் பிரிவினரின் வருமான வரியையும் மூலதன ஆதாயத்தையும் பெரிதும் சார்ந்துள்ளமையால் பங்குச் சந்தையோடு சேர்ந்தே ஏறி இறங்குகின்றது. இத்தனைக்கும் இடையில், சட்டப் பாதுகாப்பு எதுவுமின்றி நிற்கும் பெருஞ்செலவுகளுள் ஒன்று பல்கலைக்கழக நல்கை. தன்னாட்சி என்பது பாடத்தையும் பணியமர்த்தலையும் காத்ததேயன்றிப் பணத்தைக் காக்கவில்லை.

வெட்டின் காலவரிசை

2007-08-இல் மாநிலப் பொதுநிதியிலிருந்து பல்கலைக்கழகத்திற்குக் கிடைத்த தொகை ஏறத்தாழ 325 கோடி டாலர். 2009-10-இல் அது 260 கோடியளவிற்கு இறங்கி, அடுத்த ஆண்டில் சற்று ஏறியது. மந்தநிலை முடிந்து ஈராண்டு கடந்த நிலையில், 2011-12-இல் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் முதலில் முன்மொழிந்த 50 கோடி டாலர் வெட்டு சட்டமன்றத்தில் 65 கோடியாகி, ஆண்டின் இடையில் வருவாய் எதிர்பார்த்தபடி வராமையால் மேலும் 10 கோடி சேர்ந்து 75 கோடியாயிற்று. அவ்வாண்டு கிடைத்தது ஏறத்தாழ 227 கோடி மட்டுமே. மாணவர் எண்ணிக்கையோ இக்காலத்தில் குறையவில்லை.

இத்தாமதத்திற்கான காரணம் எளிது. 2009-இல் இயற்றப்பட்ட கூட்டரசின் மீட்புச் சட்டம் மாநிலங்களின் கல்வி நிதிக்கு ஒருமுறை உதவியை வழங்கியது. அது தீர்ந்தபோது, அதுவரை மறைந்திருந்த பள்ளம் வெளித்தெரிந்தது. நம் நாட்டு நிதி அலுவலர் வழக்கில் கூறுவதானால், தொடராச் செலவினத்திற்குரிய பணத்தைக் கொண்டு தொடர் செலவினத்தைத் தாங்கியதன் விளைவு இது. நெருக்கடியின் முதல் ஆண்டில் வரும் எண்களை மட்டும் கொண்டு ஐந்தாண்டுத் திட்டம் வகுக்கும் நிறுவனம் பிழைபடுவது உறுதி. மிகக் கீழான ஆண்டு மூன்றாவதா நான்காவதா என்பதே திட்டமிடுவோர் முன்னுள்ள முதல் வினா.

உடனடி நடவடிக்கைகள்

2009 ஜூலையில் ஆட்சிக்குழு நிதி அவசரநிலையை அறிவித்தது. ஈராண்டுகளில் மாநில நிதிக் குறைவு 81 கோடி டாலர் அளவில் மதிப்பிடப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பர் முதல் ஓராண்டிற்கு, பணியாளரும் ஆசிரியரும் ஊதிய நிலைக்கேற்ப 11 முதல் 26 நாள்வரை ஊதியமில்லா விடுப்பு எடுக்க நேர்ந்தது. இதனால் ஊதியம் 4 முதல் 10 விழுக்காடு வரை குறைந்தது. குறைந்த ஊதியத்தார்க்குக் குறைந்த பிடித்தம், மிகுந்த ஊதியத்தார்க்கு மிகுந்த பிடித்தம் என்னும் படிநிலை பாராட்டத்தக்கதே. ஆனால் வகுப்பு நாள்களில் ஆசிரியர் விடுப்பு எடுக்கலாகாது எனப் பின்னர் வந்த ஆணை, அதுவரை அமைதியாயிருந்தோரையும் கிளர்ந்தெழச் செய்தது. ஊதியம் குறைந்திருக்க, மாணவர் கண்ணுக்கு எதுவும் குறையாததுபோல் தோன்ற வேண்டும் என்பதே அவ்வாணையின் உட்பொருள் என ஆசிரியர் பலர் கருதினர். செப்டம்பர் 24 அன்று வளாகங்களில் வெளிநடப்பு நிகழ்ந்தது.

நவம்பரில் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் கூடிய ஆட்சிக்குழு, இரு தவணைகளில் 32 விழுக்காடு கட்டண உயர்வை நிறைவேற்றியது. மறுநாள் பெர்க்லி வளாகத்தின் வீலர் மண்டபத்தை மாணவர் கைப்பற்றினர். 2007-08-இல் ஆண்டிற்கு 6,636 டாலராக இருந்த மாநில இளநிலை மாணவர் கட்டணம் 2011-12-இல் 12,192 டாலராயிற்று. நான்கே ஆண்டுகளில் ஏறத்தாழ இரு மடங்கு!

இவ்வுயர்வின் மறுபக்கத்தையும் கூறுதல் வேண்டும். கட்டண உயர்வால் கிடைக்கும் தொகையில் மூன்றில் ஒரு பங்கு மாணவர் உதவிக்கே திருப்பப்பட்டது. 2009-இல் தொடங்கிய ‘நீலமும் பொன்னும்’ என்னும் திட்டத்தின்கீழ், குடும்ப வருவாய் 60,000 டாலருக்குக் குறைந்தோர் பயிற்றுக் கட்டணம் செலுத்தவேண்டியதில்லை. இவ்வரம்பு விரைவில் 80,000 டாலராக உயர்த்தப்பட்டது. ஆகவே உயர்வின் சுமை மிக வறியோர் மீது நேரடியாக விழவில்லை. உதவி வரம்பிற்குச் சற்று மேலே நின்ற குடும்பங்களின் மீதே அது முழுமையாக விழுந்தது. தங்குமிடமும் உணவும் பல வளாகங்களில் கட்டணத்தை விஞ்சும் செலவு என்பதால், ‘கட்டணமில்லை’ என்பதைச் ‘செலவில்லை’ எனக் கொள்ளவும் இயலாது.

சேர்க்கையைக் குறைப்பது மற்றொரு வழி. 2009-10-இல் முதலாண்டு மாநில மாணவர் சேர்க்கை 2,300 அளவிற்குக் குறைக்கப்பட்டது. அண்டை அமைப்பான கலிபோர்னிய மாநிலப் பல்கலைக்கழகம் 40,000 இடங்களைக் குறைக்கத் திட்டமிட்டது. மந்தநிலையில் வேலையிழந்தோர் கல்விக்குத் திரும்பும் காலத்தில் இடங்கள் குறைவது முரணே.

வெளிமாநில மாணவர்: வருவாயும் விலையும்

மாநில நிதி குறையும்போது பல்கலைக்கழகம் எந்தச் சந்தையை நோக்கித் திரும்புகின்றது என்பது அதன் பொதுத்தன்மையைத் தீர்மானிக்கின்றது. வெளிமாநில, வெளிநாட்டு இளநிலை மாணவர் 2011-12-இல் அடிப்படைக் கட்டணத்திற்கு மேல் ஏறத்தாழ 23,000 டாலர் கூடுதலாகச் செலுத்தினர். அவர்கள் ஒவ்வொருவரும் மாநில மாணவர் மூவரின் கட்டணத்திற்கு நிகர்.

2009-இல் அமைக்கப்பட்ட எதிர்கால ஆணையம் 2010 இறுதியில் தன் அறிக்கையைத் தந்தது. மூன்றாண்டுப் பட்டம், இணையவழிக் கல்வி போன்றவற்றோடு, வெளிமாநில இளநிலை மாணவரைக் கூட்டலாம், ஆயின் அமைப்பு முழுவதும் 10 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்பதும் அதன் பரிந்துரை. இணையவழித் திட்டம் உள்கடன் பெற்றுத் தொடங்கப்பட்டது. வெளி மாணவர் கட்டணத்தால் அக்கடனை அடைக்கலாம் என்னும் எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை; வெளியிலிருந்து சேர்ந்தோர் மிகச் சிலரே. வெளிமாநிலச் சேர்க்கையோ எதிர்பார்ப்பை மீறியது. நெருக்கடிக்கு முன் 5 அல்லது 6 விழுக்காடாக இருந்த அவர்தம் பங்கு, 2016-17 அளவில் 16 விழுக்காட்டைக் கடந்தது. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலிஸ், சாண்டியாகோ வளாகங்களில் 20 விழுக்காட்டிற்கும் மேல்.

2016 மார்ச்சில் மாநிலத் தணிக்கையாளர் வெளியிட்ட அறிக்கை, இச்சேர்க்கையால் மாநில மாணவர் பாதிக்கப்பட்டனர் எனக் குற்றஞ்சாட்டியது. இவர்கள் தரும் பணமே மாநில மாணவர் இடங்களைக் காத்தது எனப் பல்கலைக்கழகம் மறுத்தது. இரண்டிலும் உண்மை உண்டு என்றே தோன்றுகின்றது: வெட்டின் ஆண்டுகளில் பல்கலைக்கழகத்தின் வாதம் பொருந்தும், நிதி மீளத் தொடங்கிய பின்னும் சேர்க்கை ஏறியதற்குத் தணிக்கையாளரின் வாதமே பொருந்தும். 2017 மே மாதத்தில் ஆட்சிக்குழு 18 விழுக்காடு என வரம்பு விதித்தது. ஏற்கெனவே அதனைத் தாண்டிய வளாகங்கள் தம் அளவிலேயே நிறுத்தப்பட்டன. 2021-இல் மாநிலம் அம்மூன்று வளாகங்களிலும் வெளிமாநிலப் பங்கை 18-க்குக் குறைக்கப் பணம் தர முன்வந்தது. நல்கையை வெட்டியதால் உண்டான பழக்கத்தை விடுவிக்க மாநிலமே பின்னர் விலை கொடுக்க நேர்ந்தது.

வளாகங்களுக்கிடையே

இப்பொருண்மையில் அதிகம் பேசப்படாத பகுதி இது. என் நோக்கில் மிக முதன்மையானதும் இதுவே. 2011-12 முதல், ஒவ்வொரு வளாகமும் தான் ஈட்டும் வருவாயைத் தானே வைத்துக்கொள்ளலாம் என்னும் முறை நடைமுறைக்கு வந்தது. மைய அலுவலகச் செலவிற்கு வளாகங்கள் ஒரு பங்கைச் செலுத்தும். ஊக்கம் தரும் ஏற்பாடுதான். ஆனால் வெளிநாட்டு மாணவரை ஈர்க்கும் புகழ் பெர்க்லிக்கு உண்டு; ரிவர்சைடுக்கு அவ்வளவில் இல்லை. வறிய குடும்பங்களிலிருந்து வரும் முதல் தலைமுறை மாணவரை மிகுதியாகக் கொண்ட வளாகங்களே புதிய முறையில் பின்தங்கும் என்பது தெளிவு.

அதனை ஈடுசெய்யவே 2012-13 முதல் ஆறாண்டுக் காலத்தில் மாநில நிதியை மறுவரையறை செய்யும் திட்டம் வகுக்கப்பட்டது. அதுவரை மாநில நிதிப் பகிர்வு வரலாற்று வழக்கை ஒட்டியிருந்தது. எந்த வளாகத்திற்கு ஏன் இவ்வளவு என்பதற்கு விடை சொல்வார் இல்லை. புதிய முறையில் மாணவர் எண்ணிக்கைக்கு நிறை அளிக்கப்பட்டது: இளநிலை மாணவர் ஒருவர்க்கு 1 எனில், முனைவர் பட்ட மாணவர்க்கு 2.5, மருத்துவம்சார் துறை மாணவர்க்கு 5. நிறையிட்ட மாணவர் ஒருவர்க்கான தொகை எல்லா வளாகங்களிலும் ஒன்றாக வேண்டும் என்பது இலக்கு. மேலே உள்ள வளாகத்திடமிருந்து பறிக்காமல், புதிதாக வரும் பணத்தைக் கீழே உள்ளவற்றிற்கு வழங்கியே சமன்செய்வது என முடிவாயிற்று. அரசியல் அறிவு மிக்க முடிவு. ஆயினும் இதன் வேகம் மாநிலம் தரும் புதிய பணத்தையே சார்ந்திருந்தது. சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ், ரிவர்சைடு போன்றவை பயன்பெற்றன. முனைவர் பட்ட மாணவரை இரண்டரை மாணவராகக் கணக்கிடும் வாய்பாட்டைப் படிக்கும் ஆய்வு மாணவர் எவர்க்கும் சிறு புன்னகை தோன்றாமலிராது. நம் பல்கலைக்கழகங்களில் ஆய்வு மாணவர்க்கான செலவைத் தனித்துக் கணக்கிடும் வழக்கம் நான் கண்டவரை இல்லை.

நல்ல காலத்துப் பிழை: ஓய்வூதியம்

நெருக்கடியை மந்தநிலை மட்டும் உண்டாக்கவில்லை. 1990-இல் ஓய்வூதிய நிதி தேவைக்கு மேல் நிறைந்திருந்தது. எனவே பணியாளரும் பல்கலைக்கழகமும் மாநிலமும் அதற்குச் செலுத்திவந்த பங்கு நிறுத்தப்பட்டது. இந்நிறுத்தம் ஏறத்தாழ இருபதாண்டுகள் நீடித்தது. 2010 ஏப்ரலில் பங்களிப்பு மீண்டும் தொடங்கியபோது, சந்தை வீழ்ச்சியால் நிதியும் இளைத்திருந்தது. பல்கலைக்கழகத்தின் பங்கு படிப்படியாக ஏறி 2014 ஜூலையில் ஊதியத் தொகையில் 14 விழுக்காட்டை எட்டியது. பணியாளர் பங்கு 8 விழுக்காடு. மாநில நல்கை மிகக் குறைந்த ஆண்டுகளிலேயே இப்புதிய சுமையும் ஏறியது என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

கலிபோர்னிய மாநிலப் பல்கலைக்கழகத்தின் பணியாளர் மாநிலப் பொது ஓய்வூதியத் திட்டத்தைச் சேர்ந்தவர். அவர்தம் செலவை மாநிலம் ஏற்கின்றது. தன்னாட்சியின் பெருமிதத்தோடு தனித் திட்டம் நடத்திய கலிபோர்னியப் பல்கலைக்கழகத்திடம் ‘அது உங்கள் பொறுப்பு’ என மாநிலம் ஒதுங்கிக்கொண்டது. 2010 டிசம்பரில் ஆட்சிக்குழு, 2013 ஜூலைக்குப் பின் பணியேற்போர்க்கு ஓய்வு வயதை உயர்த்தியது. 2015 மே மாதத்தில் தலைவர் ஜேனட் நபொலிடானோவும் ஆளுநர் பிரவுனும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, மாநிலம் மூன்றாண்டுகளில் 43.6 கோடி டாலரை ஓய்வூதியக் கடனுக்கு வழங்கியது. ஈடாக, கட்டண உயர்வு மேலும் ஈராண்டு நிறுத்தப்பட்டது. புதிய பணியாளர்க்கு ஓய்வூதிய உச்சவரம்பும் வந்தது.

சேமிப்பும் கடனும்

நல்ல காலத்தில் சேமித்து வைப்பதுதானே அறிவுடைமை என்னும் வினா எழலாம். அரசுப் பல்கலைக்கழகத்திற்கு அது அவ்வளவு எளிதன்று. இருப்பு மிகுந்தால் நல்கை குறைவதற்கு அதுவே காரணமாகும். 2017 ஏப்ரலில், தலைவர் அலுவலகம் 17.5 கோடி டாலர் இருப்பை வெளிப்படுத்தாமல் வைத்திருந்ததாகத் தணிக்கையாளர் கூறியபோது எழுந்த புயல் இதற்குச் சான்று. பல்கலைக்கழகம் அக்கணக்கை மறுத்தது; ஆயினும் சட்டமன்றத்தில் நம்பிக்கை குலைந்தது.

சேமிப்பிற்கு மாறாகக் கடன் சந்தை திறந்திருந்தது. 2012-இல் பல்கலைக்கழகம் 86 கோடி டாலருக்கு நூறாண்டுக் கடன் பத்திரங்களை 4.858 விழுக்காடு வட்டியில் வெளியிட்டது. முதல் திரும்பவேண்டிய ஆண்டு 2112. கடனுக்குப் பிணையாகும் பொது வருவாயில் மாணவர் கட்டணமும் அடங்கும் என்பதைப் பேராசிரியர் ராபர்ட் மைஸ்டர் 2009-லேயே சுட்டிக்காட்டிக் கடுமையாகச் சாடினார். கட்டணத்தை உயர்த்த முடியும் என்னும் ஆற்றலே கடன் தகுதியை உயர்த்துகின்றது என்னும் அவர் வாதத்தைப் பல்கலைக்கழகம் ஏற்கவில்லை. நிர்வாகச் சிக்கனத்திலும் இத்தகைய ஏமாற்றங்கள் உண்டு. அமைப்பு முழுவதற்குமான ஊதியக் கணினித் திட்டம் செலவைக் குறைப்பதற்காகத் தொடங்கப்பட்டு, முதல் மதிப்பீட்டினும் இரு மடங்கிற்கு மேல் செலவிட்டுப் பல ஆண்டுகள் பிந்தியே நடைமுறைக்கு வந்தது.

தமிழ் இருக்கையும் நிலைநிதியும்

பெர்க்லி வளாகத்தின் தெற்கு, தென்கிழக்கு ஆசியவியல் துறையில் அமெரிக்கத் தமிழர்களின் நன்கொடையால் 1990-களில் தமிழ் இருக்கை நிறுவப்பட்டது. அதன் முதற் பேராசிரியர் ஜார்ஜ் ஹார்ட். நிலைநிதியின் முதல் கைவைக்கப்படாது. அதிலிருந்து ஆண்டுதோறும் வழங்கப்படும் பகுதி, பொதுவாக 4 முதல் 5 விழுக்காடு, மட்டுமே செலவாகும். எனவே மாநில வெட்டு அதனைத் தொடுவதில்லை. இதுவரை நம்மவர் அறிந்ததே.

அறியாதது பிறிதொன்று. இப்பல்கலைக்கழகத்தில் இருக்கையின் ஈட்டம் பெரும்பாலும் பேராசிரியரின் ஆய்விற்கும் துறைச் செயல்பாட்டிற்கும் துணைநிற்பது. பேராசிரியர் பணியிடமும் அடிப்படை ஊதியமும் வளாகத்தின் பொது நிதியைச் சார்ந்தவை. மொழிப் பயிற்சி தரும் விரிவுரையாளர் பணியிடங்களோ தற்காலிக நிதியில் அமைவதால் நெருக்கடியில் முதலில் ஆட்டம் காண்பவை. 2010 அக்டோபரில் நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆல்பனி வளாகம் பிரெஞ்சு, இத்தாலியம், ருசியம், செவ்வியல் மொழிகள், நாடகம் ஆகியவற்றின் பட்டப் படிப்புகளுக்குச் சேர்க்கையை நிறுத்துவதாக அறிவித்தது. பிரெஞ்சுக்கே அந்நிலை எனில், வகுப்பிற்குச் சிலரே சேரும் மொழிகளின் நிலை கூறவேண்டியதில்லை. இருக்கைக்கு நிதி திரட்டுவோர் பேராசிரியர் பதவியை மட்டும் எண்ணாது, மொழி கற்பிப்போர்க்கும் ஆய்வு மாணவர்க்கும் தனி நிலைநிதி உண்டா, பதவி காலியானால் எத்துணைக் காலத்திற்குள் நிரப்பப்படும் என்பவற்றை உடன்படிக்கையிலேயே எழுத்தில் பெறுதல் தேவை.

அடுத்த சுற்று

2012 நவம்பரில் 30-ஆம் முன்மொழிவு வாக்கெடுப்பில் வென்றதால், உயர்வருவாயினர் மீதான வரியும் விற்பனை வரியும் தற்காலிகமாகக் கூடின. தோற்றிருந்தால் பல்கலைக்கழகத்திற்கு மேலும் 25 கோடி டாலர் வெட்டு விழுந்திருக்கும். 2011-12 கட்டணம் 2016-17 வரை உயரவில்லை. 2020-இல் பெருந்தொற்று வந்தபோது மாநிலம் ஏறத்தாழ 30 கோடி டாலரை வெட்டியது. அடுத்த ஆண்டே அது மீட்கப்பட்டது. கடந்த முறை பல ஆண்டுகள் எடுத்த மீட்பு இம்முறை ஓராண்டில் நிகழ்ந்ததற்கு, உயர்வருவாயினரின் வரி சுருங்காமையே முதன்மைக் காரணம். திட்டமிடலின் திறம் அன்று.

2021 ஜூலையில் ஆட்சிக்குழு கட்டணத்திற்குப் புதுமுறை வகுத்தது. 2022 முதல் சேரும் ஒவ்வோர் அணி மாணவர்க்கும் சேரும் ஆண்டின் கட்டணமே படிப்பு முடியும்வரை மாறாது நிற்கும்; அடுத்த அணிக்குச் சற்று உயரும். ஆண்டின் இடையில் 15 விழுக்காடு உயர்ந்த 2010 ஜனவரி போன்ற அதிர்ச்சியை இது தவிர்க்கும். ஆனால் நெருக்கடியில் உடனே பணம் திரட்டும் கருவியையும் பல்கலைக்கழகம் இதனால் இழந்துள்ளது. 2022-இல் ஆளுநர் கேவின் நியூசம் ஆண்டிற்கு 5 விழுக்காடு வீதம் ஐந்தாண்டு நல்கை உயர்வுக்கு உடன்பட்டார். மூன்றாம் ஆண்டான 2024-25-இல் மாநில வருவாய் மீண்டும் சுருங்க, உறுதியளித்த உயர்வும் 12.5 கோடி டாலர் வெட்டும் ஒரே வரவுசெலவுத் திட்டத்தில் சேர்ந்தே வந்தன.